பஞ்சுக் குடோனில் நாடக அரங்கு: கேள்வி பதில்

ஜின்னிங் (பஞ்சுல கொட்டை பிரிக்கற வேலை) ஓட்டம் நின்ன பழைய குடோன்: 60 அடி நீளம், 30 அடி அகலம், 20 அடி உயரம், சுண்ணாம்புக் காரைச் சுவர், சீமை ஓட்டுக் கூரை, 100 பேர் உட்காரணும். எல்லாப் பதிலும் இந்தக் கணக்குக்குத்தானுங்க.

தாராபுரத்திலிருந்து: அண்ணா, சுவரடியில 3 அடிக்கு உப்புப் பூத்துப் பொரிஞ்சு விழுது. சிமென்ட் பூசிடலாமா?

வேண்டவே வேண்டாமுங்க. தரையிலிருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா ஆவியாகுது. சிமென்ட் அந்த வழியை அடைச்சுரும். ஈரம் இன்னும் மேல ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளயே படிஞ்சு கல்லே மாவா உதிரும். முன்னாடி யாராச்சும் சிமென்ட் பூசியிருந்தா கை உளியில பைய எடுங்க, மிஷின் ஆகாது. கூரைத் தண்ணி சுவரோரம் தேங்காம வாட்டம் வெட்டிவிட்டு, ஒரு வெயில்காலம் முழுக்கக் காயவிடுங்க. இதுல அவசரப்பட்டவங்கதான் ரெண்டு தடவை செலவு பண்றாங்க. அப்புறம் சுண்ணாம்பு 1 பங்கு, சலிச்ச மணல் 3 பங்கு. சுண்ணாம்பு 3 வாரமாவது தண்ணியில ஊறணும். ஊறாத கட்டி ஒண்ணு இருந்தாலும் பின்னாடி பூச்சுல வெடிச்சுக் குழி விழும். ஒரு தடவை பூசறதுக்கு அரை அங்குலக் கனம் போதும், ஒரு வாரம் ஈரம் காயவிடாதீங்க. மேல சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கணும், பிளாஸ்டிக் பெயின்ட்டும் சிமென்ட் மாதிரியே மூச்சை அடைக்கும்.

கோபியிலிருந்து: லைட்டை உத்திரத்துல கட்டலாங்களா?

கட்டாதீங்க. சுவருக்குள்ள நுழையற முனையிலதான் உத்திரம் முதல்ல கெடும். அந்த இடத்துல திருப்புளியை அமுக்கிப் பாருங்க. அரை அங்குலம் லேசா இறங்குனா உள்ள மக்கிருச்சு. நல்லா இருந்தாலும் அது ஓட்டுப் பாரத்துக்குப் போட்ட மரம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்புல, சுவரைத் தொடாம தனியா நிக்கற சட்டம் போடுங்க. பாரக்கணக்கை இன்ஜினியர்தான் போடணும். சாரத்துக் கிளாம்ப் அதுலயே பிடிக்கும். கிளாம்ப் விட்டாலும் கீழ விழாம இருக்க, ஒவ்வொரு லைட்டுக்கும் தனியா ஒரு கம்பிக்கயிறு. 150 வாட் எல்.இ.டி. 12 போட்டாலும் 1,800 வாட்தான். ஆனா பழைய ஒயரிங்கை நம்பாதீங்க, புதுசா இழுத்து 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா உடனே வெட்டிவிடற சுவிட்ச்) வையுங்க.

பவானியிலிருந்து: வசனம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கேக்குதுங்கண்ணா.

நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டுங்க. ‘டர்ர்ர்’னு கேட்டா எதிரெதிர்ச் சுவருங்க சத்தத்தைத் திருப்பித் திருப்பி வீசுது. உங்க அரங்கு சுமார் 1,020 கன மீட்டர். சத்தம் 1 விநாடியில அடங்க 0.161 × 1,020, அதாவது சத்தத்தை முழுசா உறிஞ்சற பரப்பு ஏறக்குறைய 164 சதுர மீட்டருக்குச் சமமா வேணும். 100 பேர் உக்காந்தா 45 வரும். மிச்சத்துல பெரும்பங்கு துணிதான். உங்க ஊர் பருத்தி ஜமக்காளமே போதும். சுவருல ஒட்டித் தொங்கவிட்டா கீச்சுச் சத்தம் மட்டும் குறையும், அதனால 4 அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்க. கட்டறதுக்கு முன்னாடி 700 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் ஆசிட், 7 லிட்டர் சுடுதண்ணியில கரைச்சு நனைச்சுக் காயவெச்சா சட்டுனு தீப்பிடிக்காது. துவைச்சா மறுபடி நனைக்கணும்.

பல்லடத்திலிருந்து: ஆடிக் காத்துக்கு ஓடு தாங்குமா?

இறவாரத்து ரெண்டு வரிசையைக் கம்பியால ரீப்பரோட (ஓடு உக்கார்ற மரச்சட்டம்) கட்டுங்க. கலவை வெச்சு ஒட்டுனா, ஒரு ஓடு மாத்தப் பத்து உடையும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடங்கற வரைக்கும் கூரையைப் பிரிக்காதீங்க.

பொள்ளாச்சியிலிருந்து: ஒரே கதவுதான் இருக்குங்க.

ரெண்டாவது வழி இல்லாம ஆளைக் கூட்டாதீங்க. பஞ்சுப் பொதி இறக்கின வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சிருப்பாங்க. சுவரைத் தட்டிப் பாருங்க, பூச்சுல கோடு தெரியும். அதையே திறங்க, கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்பக்கம் திறக்கிற பழைய மரக்கதவை நாடகம் முடியற வரைக்கும் திறந்தே கட்டி வையுங்க. தீயணைப்புத் துறைச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் கேட்டுட்டு அப்புறம் காசை இறக்குங்க.