யாளிக்கு அஞ்சும் மகன்

கேள்வி: குடியாத்தம் அருகே மலையடிவாரத்தில் வசிக்கிறோம். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் யாளித் தூண்களைப் பார்த்த நாள் முதல் என் ஏழு வயது மகன் சரியாக உறங்குவதில்லை. யானைகளை விரட்ட இரவில் பட்டாசு வெடிக்கும்போதெல்லாம் யாளி வந்துவிட்டதாக அலறுகிறான். சாப்பிடாவிட்டால் யாளியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று என் மாமியாரும் மிரட்டுகிறார். அப்படியொரு விலங்கே இல்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, தயங்காமல் சொல்லுங்கள். ஆனால் அது மட்டும் போதாது, ஏனெனில் அவன் மனத்தில் இரண்டு விலங்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. யானையையே வீழ்த்தும் யாளியை, ஆளி என்ற பெயரில் நற்றிணையும் அகநானூறும் பாடுகின்றன. விஜயநகரக் காலச் சிற்பிகள் தம் கற்பனையால் அதைக் கல்லில் பேருருவாக எழுப்பினார்கள். ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயப் பக்கமிருந்து உங்கள் பகுதித் தோப்புகளுக்கு இறங்கும் யானையோ உண்மையானது. யாளியைப் பற்றிய அச்சம் நீங்க வேண்டும். யானையைப் பற்றிய எச்சரிக்கை அவனிடம் இருந்தே ஆக வேண்டும். வெடிச்சத்தம் கேட்கும்போது அவனை அணைத்துக்கொண்டு, யார் எதற்காக வெடிக்கிறார்கள் என்பதையும், யானை தீனியும் தண்ணீரும் தேடித்தான் வருகிறது, நம்மைத் தேடி அன்று என்பதையும், அந்நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பதையும் பொறுமையாக விளக்குங்கள்.

கோயிலுக்கு அழைத்துச் செல்வதை நிறுத்த வேண்டாம். காலை வெளிச்சத்தில் கல்யாண மண்டபத்துக்கு மீண்டும் கூட்டிச் செல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்க்கையில் பாய்ந்தெழும் கால்களும் பிளந்த வாயுமே பெரிதாகத் தெரியும். அவனைத் தூக்கிக் காட்டினால்தான் அந்தப் பெரிய விலங்கின் முதுகில் ஒரு வீரன் அஞ்சாமல் அமர்ந்திருப்பதும், கூரையில் தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குவதும் கண்ணில் படும். வீட்டுக்கு வந்ததும், தான் அதில் ஏறிச் செல்வதுபோல் வரையச் சொல்லுங்கள்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அந்த மிரட்டல்தான். பகலில் வீட்டுப் பெரியவரே யாளி வரும் என்று சொல்லும்போது, இரவில் அது வராது என்று நீங்கள் சொல்வதைப் பிள்ளை எப்படி நம்புவான்? மாமியாரிடம் குற்றம் சாட்டும் தொனியில் பேசாமல், உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு, பிள்ளை இரவில் படும் பாட்டைச் சொல்லுங்கள். கோயிலுக்கு அவரும் உடன் வரட்டும். யாளி யாரையும் பிடித்துப் போகாது, அது கோயிலுக்குக் காவல் நிற்கிறது என்று பாட்டி தம் வாயாலேயே பேரனிடம் சொல்லட்டும்.