கதாநாயக முகம் இல்லாத பிள்ளைக்கு நடிப்பு சரிவருமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இங்கிலாந்தில் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரம்) படிக்கிற மகன் நாடகக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று நிற்கிறார், நீங்கள் நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள். "அவனுக்குக் கதாநாயக முகமும் இல்லை, எங்கட பெயர் இங்க உள்ள ஆக்களின் வாயில் நுழையவும் நுழையாது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் இருந்தே தொடங்குகிறேன்.

பீட் பொசல்த்வெயிட் என்ற ஆங்கிலேய நடிகரின் படம் ஒன்றை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். துருத்திய கன்ன எலும்பு, குழி விழுந்த கன்னம். அழகன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பெயரோ ஆங்கிலேயருக்கே சிக்கலானது, மாற்றிவிடு என்று அவருக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அவர் மாற்றவில்லை. ஹொலிவுட் இயக்குநர் ஸ்பீல்பேர்க் அவரை உலகத்தின் மிகச் சிறந்த நடிகர் என்று சொன்னதாக அவர் இறந்தபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. குணச்சித்திர நடிகருக்கு முகம் ஒரு மூலதனம். எல்லோரையும் போல இருக்கிற முகத்துக்குத்தான் அங்கே போட்டி அதிகம்.

அவர் 1946இல் வாரிங்டனில் பிறந்தவர். தகப்பன் பீப்பாய் செய்கிற தொழிலாளி, பிறகு பாடசாலைக் காவலாளி. உங்களைப் போலவே அந்தப் பெற்றோரும் நிலையான உத்தியோகம் ஒன்றைத்தான் விரும்பினார்கள். பிள்ளை ஆசிரியர் பயிற்சி பெற்று, மான்செஸ்டரில் கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலை ஒன்றில் நாடகம் படிப்பித்தார். 24 வயதில்தான் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளிக்குப் போனார்.

இனி வயதுக் கணக்கைப் பாருங்கள், அக்கா. படிப்பு முடிந்து லிவர்பூல் எவ்ரிமன் அரங்கில் ஜூலி வோல்டர்ஸ், பில் நை, ஜொனதன் பிரைஸ் போன்ற, பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்களோடு மேடையில் வளர்ந்தார். பிறகு ரோயல் ஷேக்ஸ்பியர் கம்பனி என்ற நாடகக் குழு. திரையில் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வொய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்', வீட்டாரை அடித்து நொறுக்குகிற தகப்பன் வேடம். அப்போது வயது 42. 'இன் த நேம் ஒவ் த ஃபாதர்' படத்தில் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் வாடும் ஜுசெப்பே கொன்லனாக நடித்து, சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை பெற்றது 1994இல். நாடகப் பள்ளிக்குள் காலடி வைத்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு! 2008இல், அறுபது கடந்து, ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நடிக்க அதே எவ்ரிமன் மேடைக்குத் திரும்பினார். 2011 ஜனவரியில் காலமானார்.

மகனிடம் "நீ பெரிய நடிகனாக வருவியா?" என்று கேட்காதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல ஏலாது. "பெயர் தெரியாமல் பதினைந்து வருசம் இந்த வேலையைச் செய்ய உனக்கு விருப்பமா?" என்று கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பொசல்த்வெயிட் ஏறிய ஏணியில் பல படிகள் இன்று இல்லை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் நிரந்தர நாடகக் குழுக்கள் இருந்தன. இளம் நடிகர் வாரச் சம்பளத்தோடு தொழில் பழகலாம். இன்று பலருக்கு ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் மாதக்கணக்கான வெறுமை. உங்கள் பயம் நியாயமானதுதான்.

ஆனால் இன்று ஒரு வசதியும் உண்டு. ராடா, லாம்டா, கில்ட்ஹோல் போன்ற லண்டன் நாடகப் பள்ளிகளின் மூன்று வருட நடிப்புப் படிப்பு இப்போது பட்டப்படிப்பு. அரச மாணவர் கடனும் கிடைக்கும். பட்டம் இருந்தால் பின்னர் எந்த வயதிலும் ஒரு வருடம் பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சி செய்து நாடக ஆசிரியராகலாம். அதற்கு ஏ லெவலுக்கு முன் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4 என்ற தரம் வேண்டும், அது அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பொசல்த்வெயிட் முதலில் ஆசிரியர், பிறகு நடிகர். உங்கள் மகன் அதை மாற்றிச் செய்யலாம். அரை மனதோடு வேறு படிப்பில் சேர்த்துவிட்டால் இரண்டாம் வருடத்தில் நின்றுவிடுவாரோ என்பதுதான் என் கவலை. அப்படி நின்றுபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இடம் கிடைப்பது கடினம். ராடாவின் நடிப்புப் பட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்க, முப்பதுக்கும் குறைவானவர்களையே எடுக்கிறார்கள். முதல் வருடம் கிடைக்காவிட்டால் அதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை முயன்று நுழைந்தவர்கள் ஏராளம். இடையில் நஷனல் யூத் தியேட்டர் என்ற இளைஞர் நாடக அமைப்புக்கும் விண்ணப்பிக்கட்டும். தனியார் ஒரு வருட அடிப்படைப் பயிற்சிகளுக்குப் பணம் கட்டுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலானவற்றுக்கு மாணவர் கடன் கிடையாது.

வரும் சனிக்கிழமை இருவரும் வாருங்கள். ஷேக்ஸ்பியரில் ஒன்று, இக்கால நாடகத்தில் ஒன்று என இரண்டு வசனப் பகுதிகளை மகன் மனப்பாடம் செய்துவரட்டும். தேர்வில் பொதுவாகக் கேட்பதும் அதைத்தான். முதலில் வீட்டில் உங்கள் முன்னால் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் அவர் நடித்து இதுவரை பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே.