வீட்டில் செய்த சோப்பைப் போட்டுக் குளிக்கலாமா? கேள்வி பதில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் சோப்பு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளியில் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையிலும் நெடுங்காலமாகச் சோப்பு செய்துவருபவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். செய்த சோப்பு உடம்புக்கு ஏற்றதா என்று கண்டறிவதே இங்கே பொருள் என்பதால், மணம், நிறம், அச்சு பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன்.

சோழவந்தானிலிருந்து ஒருவர்: டீச்சர், எங்கள் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெயில் சோப்பு செய்தேன். 1 கிலோ எண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் சோடா என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அதே 174 கிராமைத் தண்ணீரில் கரைத்து 1 லிட்டர் எண்ணெயில் ஊற்றினேன். சோப்பு நன்றாக இறுகிவிட்டது. கை கழுவினால் மட்டும் எரிகிறது. ஏன்?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, தம்பி. 1 லிட்டர் எண்ணெய் 1 கிலோ ஆகாது. கடையில் விற்கும் எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் 1 லிட்டர், 910 கிராம் என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறுவதற்கு ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. அந்தக் கணக்கில் 1 கிலோ எண்ணெய்க்கு 183 கிராம் வரும். அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்து, சிறிது எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி 174 கிராம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐந்து பங்குதான் நம் தோலுக்கான காப்பு. நீங்கள் போட்ட 910 கிராம் எண்ணெய் முழுவதும் மாறினாலும் 166.5 கிராம் சோடாதான் செலவாகியிருக்கும். காப்பு முழுவதும் கரைந்துபோனதோடு 7 கிராமுக்கு மேல் சோடா எதனுடனும் சேராமல் உங்கள் சோப்புக்குள் நிற்கிறது. குளியல் சோப்புக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2888, இவ்வாறு தனித்து நிற்கும் காரம் 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. கடையில் வாங்கும் சோடாவின் தூய்மை சற்றுக் குறைவாக இருந்திருந்தாலும், உங்கள் சோப்பு அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

அதைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு சோப்பு முழுவதையும் துருவி, சிறிது காய்ச்சி வடித்த நீர் தெளித்து, எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டுக் கொதிநீரின் மேல் வைத்து இளக்குங்கள். விடுபட்ட 90 கிராம் தேங்காய் எண்ணெயைச் சேர்த்து, கஞ்சிபோல் ஒன்றாகக் கலக்கும்வரை கிளறி, மறுபடியும் அச்சில் இடுங்கள். இறுகிய பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். அதன் முறையைக் கீழே சொல்லியிருக்கிறேன். இனிமேல் எண்ணெய், சோடா, தண்ணீர் ஆகிய மூன்றையும் தராசில் மட்டுமே அளவிடுங்கள். டம்ளரும் கரண்டியும் சமையலுக்குப் போதும், சோப்புக்குப் போதா.

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி: சோடா கொஞ்சம் கூடிப்போனாலும் ஆறு வாரம் நிழலில் வைத்தால் காரம் போய்விடும் என்கிறார்களே, டீச்சர்?

பதில்: போகாது, அம்மா. ஆவியாகி வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. காஸ்டிக் சோடா ஆவியாகும் பொருள் அன்று. எண்ணெயும் சோடாவும் சேரும் வினையின் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. மேற்பரப்பில் உள்ள சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு சலவை சோடாவாக மாறுவதால், வெளிப்புறம் சாந்தமானதுபோல் தோன்றும். உள்ளே இருக்கும் காரம் அப்படியே இருக்கும். நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பது சோப்பு கடினமாகவும் நீண்ட நாள் உழைக்கவும் உதவும். தவறான அளவை அது திருத்தாது.

வாடிப்பட்டியிலிருந்து ஒருவர்: சோப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, சுருக்கென்று இழுத்தால் காரம் அதிகம் என்று கண்டுபிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். செய்யலாமா?

பதில்: பல நாடுகளில் வழக்கத்தில் உள்ள முறைதான், ஆனாலும் நான் யாருக்கும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை. கலவை சரியாகச் சேராத சோப்பில் கரையாத சோடாக் கட்டி ஒன்று இருந்து, அது நாக்கில் பட்டால் புண்ணாகும். நாக்கு தொட்ட இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மற்ற இடங்கள் நல்லவை என்றும் ஆகிவிடாது.

மேலூரிலிருந்து ஒருவர்: டீச்சர், இதற்கெல்லாம் மருந்துக்கடை ஏற வேண்டியதில்லை. மஞ்சள் தடவிய தாளில் சோப்பைத் தேய்த்தால் போதும். சிவந்தால் காரம் அதிகம், சிவக்காவிட்டால் நல்ல சோப்பு. எங்கள் வீட்டில் இப்படித்தான் பார்க்கிறோம்.

பதில்: அப்படியானால் உலகத்தில் நல்ல சோப்பு ஒன்றுகூட இருக்க முடியாது, தம்பி. வேட்டியில் பட்ட மஞ்சள் கறையில் எந்தச் சோப்பைப் போட்டாலும் சிவக்கும் என்பது துணி துவைத்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமச் சிவப்பாவதும் இதே காரணத்தால்தான். காரத்தன்மை கூடக் கூட ஏறும் அளவான பி.எச். 7.4 முதல் 8.6 வரையிலான எல்லைக்குள்ளேயே மஞ்சள் நிறம் மாறிவிடுகிறது. எண்ணெயும் சோடாவும் சேர்த்துச் செய்த நல்ல சோப்பின் பி.எச். அளவோ பொதுவாக 9 முதல் 10.5 வரை இருக்கும். முழங்கால் உயரக் கோலை நட்டு வைத்து வைகை வெள்ளத்தை அளப்பது போன்றதுதான் இந்தச் சோதனை: கோல் மூழ்கிய பிறகு மேலே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அது காட்டாது.

மேலூர்க்காரரே மீண்டும்: லேசாகச் சிவந்தால் நல்லது, இரத்தச் சிவப்பானால் கெட்டது என்று பிரித்துப் பார்க்கலாமே?

பதில்: எவ்வளவு மஞ்சள் தடவினீர்கள், தாள் எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம் தேய்த்தீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே சோப்பு இரண்டு விதமாகவும் சிவக்கும். குழந்தையின் தோலில் படப்போகும் பொருளை அந்த ஊகத்தின் பேரில் கொடுக்க எனக்கு மனம் வராது.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: டீச்சர், மேலூர் அண்ணனுக்காக ஒரு கேள்வி. சோப்பைச் சோதிக்க நீங்கள் பரிந்துரைக்கும் பினால்ப்தலீனும் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் வேதிப்பொருள்) பி.எச். 8.2-லேயே நிறம் மாறத் தொடங்கும். நல்ல சோப்பிலும் அது இளஞ்சிவப்பாகத்தானே வேண்டும்? மஞ்சளுக்கு ஒரு நியாயம், அதற்கு ஒரு நியாயமா?

பதில்: மிகச் சரியான கேள்வி, அம்மா. ஈரமான சோப்பில் சொட்டுவிட்டால் நல்ல சோப்பும் இளஞ்சிவப்பாகும். அதைக் கண்டு பயந்து நல்ல சோப்பைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. தண்ணீரில்தான் சோப்பு சிறிதளவு பிரிந்து காரத்தன்மை காட்டுகிறது. தண்ணீர் இல்லாத ஆல்கஹாலில் நல்ல சோப்பு பினால்ப்தலீனைச் சிவக்க வைக்காது. தனித்து நிற்கும் காஸ்டிக் சோடா இருந்தால் மட்டுமே அடர்ந்த நிறம் வரும். ஆய்வகங்களில் சோப்பின் தனிக் காரத்தை அளப்பதற்கு அதை ஆல்கஹாலில் கரைப்பதும் இதற்காகத்தான்.

வீட்டில் செய்யும் முறை இது. நன்கு காய்ந்த சோப்பை நடுவில் வெட்டி, உட்புறத்திலிருந்து சிறிது சீவல் எடுத்துக்கொள்ளுங்கள். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முதலில் பினால்ப்தலீன் கரைசலை இரண்டு சொட்டு விட்டு, அது நிறமற்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சீவலை இட்டு, அடுப்பை அணைத்து அப்பால் எடுத்து வைத்த வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் குவளையை நிறுத்திக் கரையுங்கள். ஆல்கஹாலின் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அருகில் நெருப்பே கூடாது. நிறம் மாறாவிட்டாலும் மிக வெளிறிய சாயை மட்டும் தெரிந்தாலும் கவலை இல்லை, ஏனெனில் சோப்பில் மிஞ்சிய ஈரமே அந்தச் சாயையைத் தரும். கத்தரிப்பூ நிறத்துக்குச் சிவந்தால் அந்தச் சோப்பை உடம்பில் போடக் கூடாது. சோதித்த சீவலையும் கரைசலையும் தனியே அப்புறப்படுத்துங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்: பி.எச். தாள் போதாதா?

பதில்: துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 1 கிராம் சோப்பை 99 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பாருங்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் வேண்டாம். 11-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். சோப்புக் கரைசலில் இந்தத் தாள்கள் குறைத்துக் காட்டுவதும் உண்டு என்பதால், தாள் 9 என்று சொன்னதை மட்டும் நம்பி மற்றவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு சகோதரி: சோப்பின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. ஐப்பசி மழையில் முத்து முத்தாக வேர்க்கவும் செய்கிறது. இரண்டும் காரமா?

பதில்: மேலே மட்டும் பூக்கும் மாவு பெரும்பாலும் சலவை சோடாதான், சீவி எடுத்துவிடலாம். மழைக்கால வேர்வை, சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது. வெட்டும்போது உள்ளே வெள்ளைக் கட்டிகளோ, துளைகளிலிருந்து கசியும் நீரோ தென்பட்டால் அது வேறு. வெறுங்கையால் தொடாமல் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

மேலும் மூன்று பேர்: ஆறு வாரம் கழித்தால் காரம் போகுமா?

பதில்: போகாது. திருமங்கலம் சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள்.

திருப்புவனத்திலிருந்து ஒருவர்: எலுமிச்சைச் சாறு ஊற்றினால் பி.எச். 5.5-க்கு வந்துவிடுமா?

பதில்: வராது. அமிலம் கூடினால் சோப்பே உடைந்து பழையபடி கொழுப்பமிலமாகிவிடும். 5.5 என்று விற்பவை வேறு வகை நுரைப்பொருட்களால் செய்யப்பட்டவை.

பேரையூரிலிருந்து ஒருவர்: காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாக அப்பளக்காரமோ, குழாய் அடைப்பு நீக்கும் தூளோ போடலாமா?

பதில்: இரண்டும் கூடாது. முதலாவது எண்ணெயைச் சோப்பாக்காது. இரண்டாவதில் அலுமினியத் துணுக்குகள் கலந்திருப்பதுண்டு. அவை சோடாவுடன் சேர்ந்தால் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கச் சொல்வதும் இதனால்தான். சோடாவைத் தண்ணீரில் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மேலே தெறித்தால் வினிகரோ எலுமிச்சையோ தேடாமல், பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதேபோல் கழுவிவிட்டு, வலி குறைந்தாலும் உடனே அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ செல்லுங்கள்.

மதுரை செல்லூரிலிருந்து ஒரு சகோதரி: வேப்பெண்ணெய் சோப்பு படர்தாமரையைப் போக்கும் என்று எழுதி விற்கலாமா? மூன்று மாதக் குழந்தைக்குப் போடலாமா?

பதில்: குழந்தைக்கு வேண்டாம். நோய் தீரும் என்று எழுதிய நொடியில் உங்கள் சோப்பு சட்டப்படி மருந்தாகிவிடும். அப்படி எழுதாமல் விற்பதற்கும், 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் தேவை.

மேலூர்க்காரர், மூன்றாம் முறையாக: டீச்சர், நீங்கள் சொன்னபடி ஆல்கஹாலில் பார்த்துவிட்டேன். ஒரு முனையில் எடுத்த சீவல் நன்றாகச் சிவந்தது, மறுமுனையில் எடுத்தது நிறம் மாறவே இல்லை. எதை நம்புவது?

பதில்: சிவந்ததை நம்புங்கள், தம்பி. கலவை கெட்டிப்படுவதற்கு முன்பே அச்சில் ஊற்றியதாலோ, சோடா முழுவதும் கரையாமல் போனதாலோ இப்படி ஒரு பக்கம் காரம் தங்கியிருக்கும். அந்த முனையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தாதீர்கள். எடைக் கணக்கை ஒருமுறை சரிபார்த்து, அது சரியாக இருந்தால் எண்ணெய் எதுவும் சேர்க்காமல் அத்தனை சோப்பையும் துருவி இளக்கி, ஒன்றாகக் கலந்து, மறுபடி அச்சிலிட்டு, இந்த முறை இரண்டு முனைகளிலும் நடுவிலும் சீவல் எடுத்துப் பாருங்கள். மூன்றும் நிறம் மாறாமல் இருந்தால், முதலில் உங்கள் முன்கையில் மட்டும் தினமும் இருமுறை போட்டுக் கழுவி ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிறகு வீட்டாருக்குக் கொடுங்கள்.