சில்லறை நாணயத்துக்குச் சேகரிப்பு மதிப்பு எப்படி வருகிறது?

பழைய சில்லறை நாணயம் நல்ல விலை போகுமா என்று கேட்கிறீர்கள். வயதை முதலில் மறந்துவிடுங்கள். எத்தனை அச்சடிக்கப்பட்டன என்பதைப் பாருங்கள். பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு கியூ தோட்ட (லண்டனில் உள்ள தாவரவியல் பூங்கா) 50 பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே புழக்கத்துக்கு வந்தது. அதனால்தான் அதைத் தேடி அலைகிறார்கள்.

அடுத்தது நிலை. பைகளில் உரசித் தேய்ந்ததற்கும் அச்சுப் பளபளப்பு மாறாததற்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. தயவுசெய்து தேய்த்து மினுக்காதீர்கள், மதிப்பு அங்கேயே போய்விடும்.

அச்சுப் பிழை தனிக் கதை. 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். நாணயத்தை அடிக்கும் அச்சே பிழையாக உருவானதுதான் காரணம். வெளியே வந்தபின் நசுங்கியதெல்லாம் பிழை அல்ல, வெறும் சேதம்.

விளம்பரங்களில் கேட்கும் லட்சங்களை விடுங்கள். உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள்.