சோம்: பதினைந்து லட்சம் குண்டுகள் என்ன செய்தன?

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போர் பற்றிக் கொஞ்சம் படித்து வருகிறேன். ஒரு கணக்கு மட்டும் பிடிபடவில்லை. 1916-ல் பிரான்ஸில் சோம் நதிக்கரையில் பிரிட்டிஷ் படை ஒரு வாரம் இரவு பகலாகக் குண்டு போட்டது, 15 லட்சம் குண்டுகள் என்கிறார்கள். அதற்குப் பிறகும் ஜெர்மானியர்கள் எழுந்து வந்து சுட்டு, ஒரே நாளில் 19,000 பேரைக் கொன்றிருக்கிறார்கள். அவ்வளவு குண்டும் எங்கே போயிற்று? தளபதிகளின் முட்டாள்தனம் என்று சொல்லி முடித்துவிடலாமா?

இன்னொன்று. தம்பி பிரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கிறான். வரும் கோடையில் அந்தப் பக்கம் போகிறோம். வயல்களில் இன்னமும் குண்டுகள் கிடைப்பது உண்மையா? சின்னதாக ஒரு துண்டு எடுத்து வரலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதலில் வகுத்துப் பார்த்துவிடுவோம். தாக்கிய முனை 20 கிலோமீட்டருக்கு மேல். பிடிக்க நினைத்த ஆழம் சராசரி 2 கிலோமீட்டர். ஆக 40 சதுர கிலோமீட்டர், அதாவது 4 கோடி சதுர மீட்டர். அதில் 15 லட்சம் குண்டு என்றால் 290 சதுர அடிக்கு ஒன்று வரும், அதுவும் ஏழு நாளில். எதிரிப் பீரங்கிகளையும் பின்னால் இருந்த சாலைகளையும் குறிவைத்துப் போனவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். பதுங்குகுழி என்பதோ ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலத்தில் வளைந்து ஓடும் கோடு. பத்து மீட்டர் தள்ளி விழுந்த குண்டால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இந்த ஆழத்தில்தான் தளபதிகளின் பங்கு இருக்கிறது. களத்தை நடத்திய ராலின்சன், ஜெர்மானியப் பதுங்குகுழிகளின் முதல் வரிசையை மட்டும் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம் என்றார். மேலே இருந்த ஹெய்க் இரண்டாம் வரிசையையும் முதல் நாளே பிடிக்கச் சொன்னார். பீரங்கிகளைக் கூட்டாமல் ஆழத்தை மட்டும் கூட்டியதால் ஓர் இடத்தில் விழும் எடை பாதியாகிவிட்டது. முட்டாள்தனம் என்று இதைச் சொல்லமாட்டேன். கைவசம் கணக்கு இருந்தும் அதைப் போட்டுப் பார்க்காத குற்றம் இது, முட்டாள்தனத்தைவிட மோசம்.

அடுத்து, எந்தக் குண்டு என்பது. 15 லட்சத்தில் பெரும்பகுதி 18 பவுண்டர் எனப்படும் இலகு பீரங்கியின் ஷ்ராப்னல் குண்டு. எடை எட்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே 375 ஈய உருண்டைகள், அடியில் கொஞ்சம் கருமருந்து, மூக்கில் நேரம் வைக்கும் ஃபியூஸ். ஃபியூஸ் வளையத்தைத் திருப்பி நேரம் வைத்துச் சுட்டால், குண்டு பறக்கும்போதே ஃபியூஸில் உள்ள மருந்துத் தடம் எரிந்துகொண்டு போகும். குறித்த நொடியில் நெருப்பு அடிமருந்துக்கு இறங்கி, உருண்டைகளை முன்னோக்கிச் சிதறடிக்கும். வெட்டவெளியில் நிற்கும் ஆளை இது கொல்லும். மண்ணுக்குள் இருப்பவனை ஒன்றும் செய்யாது.

இந்தக் குண்டுக்குக் கொடுத்த வேலையோ முள்கம்பி அறுப்பது. அதற்குக் கம்பிக்குச் சற்று முன்னால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் போல வெடிக்க வேண்டும். உயரத்தில் வெடித்தால் உருண்டைகள் பரவி வேகம் இழந்துவிடும். தாழ்ந்தால் மண்ணில் புதைந்துவிடும். அந்தத் தூரத்தில் குண்டின் வேகம் நொடிக்கு 300 மீட்டர் அளவில் இருக்கும். ஃபியூஸ் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலே 30 மீட்டர் தள்ளிப் போய்விடும். ஈரக்காற்றில் மருந்து எரியும் வேகம் மாறும். ஆயிரக்கணக்கில் சுட்ட குழாய் உள்ளே தேய்ந்து, வேகம் குறைந்து, குண்டு கிட்டே விழும். பின்னுதைப்புக்குப் பிறகு குழாயை முன்னே தள்ளும் ஸ்பிரிங்குகள் அந்த வாரத்தில் வரிசையாக உடைந்தன. போதாததற்கு மழையும் தாழ்ந்த மேகமும். விமானத்திலிருந்து பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டியவர்களுக்குத் தரையே தெரியவில்லை. தாக்குதலே ஜூன் 29-லிருந்து ஜூலை 1-க்குத் தள்ளிப்போனது.

உருண்டைக்குப் பதில் வெடிமருந்தே நிரப்பிய பெருவெடிக் குண்டால் கம்பியை அறுக்கலாமே என்று கேட்பீர்கள். அன்றிருந்த 100-ஆம் எண் ஃபியூஸ் தரையைத் தொட்ட மாத்திரத்தில் வெடிக்காது. கண் இமைக்கும் நேரம் தாமதிக்கும், அதற்குள் குண்டு மண்ணுக்குள் போய்விடும். பள்ளம் விழும், கம்பிச் சுருள் எகிறி முன்னைவிடச் சிக்கலாகத் திரும்ப விழும். தொட்டவுடன் வெடிக்கும் 106-ஆம் எண் ஃபியூஸ் 1917 தொடக்கத்தில்தான் போதிய அளவில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரான்ஸின் அராஸ் போரில் கம்பி அறுந்தது.

சோமில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. வெட்ட எளிது, இடியாது. ஜெர்மானியர்கள் அங்கே 6 முதல் 10 மீட்டர் ஆழத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்களோடு அறைகள் குடைந்திருந்தார்கள். அவற்றைக் குலைக்க 9.2 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான கனரக ஹௌவிட்சர், அதாவது குண்டை உயரே எறிந்து செங்குத்தாக இறக்கும் பீரங்கி வேண்டும். பிரிட்டிஷ் தரப்பில் அவை மிகக் குறைவு. உள்ளே இருந்தவர்கள் ஒரு வாரம் தூக்கமில்லாமல், சோறு தண்ணீர் சரியாக வராமல் கிடந்தார்கள். ஆனால் உயிரோடு கிடந்தார்கள்.

சுட்டதில் வெடிக்காமல் போனது எவ்வளவு? மூன்றில் ஒன்று வரை என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் 1915-ல் தொடங்குகிறது. அந்த மே மாதம் குண்டுப் பஞ்சம் பத்திரிகையில் வெடித்து, ஆட்சி ஆட்டம் கண்டு, லாயிட் ஜார்ஜின் கீழ் தளவாட அமைச்சகம் வந்தது. ரயில் பட்டறைகளும் ஜவுளி இயந்திரம் செய்த ஆலைகளும் ஒரே வருஷத்தில் குண்டு செய்யப் பழகின. எண்ணிக்கை ஏறியது, அளவு பார்த்துத் தள்ளும் சோதனை பின்தங்கியது. மரை சரியாகப் பொருந்தாமல் சில கனரகக் குண்டுகளின் ஃபியூஸ் பறக்கும்போதே கழன்று விழுந்தது. வேறு சில குழாய்க்குள்ளேயே வெடித்துப் பீரங்கிக்காரர்களைக் கொன்றன. 4.5 அங்குல ஹௌவிட்சர் பிரிவுகளைத் 'தற்கொலை மன்றம்' என்றே படையில் அழைத்தார்கள்.

கடைசி அடி நேர அட்டவணையில் விழுந்தது. தாக்குதல் காலை 7.30-க்கு. போமோன் ஹாமெல் பக்கம், ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் வைத்த 18 டன் அம்மோனல் வெடிமருந்துக் கண்ணியை 7.20-க்கே வெடித்தார்கள். அந்தப் பகுதியின் கனரகப் பீரங்கிகளும் அப்போதே பின்வரிசைக்குத் திருப்பப்பட்டன. சத்தம் ஓய்ந்தால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். இயந்திரத் துப்பாக்கியைப் படியேற்றி நிறுத்த இரண்டு மூன்று நிமிடம் போதும், பத்து நிமிடம் கிடைத்தது. எதிரே பிரிட்டிஷ் சிப்பாய்கள் முப்பது கிலோ சுமையோடு, அறுபடாத கம்பியை நோக்கிச் சில நூறு மீட்டர் நடந்து வந்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் இழப்பு 57,470, அதில் இறந்தவர்கள் 19,240.

தென்கோடியில் அதே நாள், அதே படை மோன்டோபான் கிராமத்தைப் பிடித்தது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அங்கே பக்கத்திலிருந்த பிரெஞ்சுக் கனரகப் பீரங்கிகளின் உதவி கிடைத்தது. ஒரு டிவிஷன், காலாட்படைக்கு முன்னால் குண்டுத்திரையைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே போனது. ஜூலை 14 விடியலில் பசான்தன் மேட்டில் முனையைச் சுருக்கி, கஜத்துக்கு விழும் எடையைப் பல மடங்கு கூட்டி, இறுதி வீச்சை ஐந்தே நிமிடத்தில் முடித்து ஏறினார்கள். வரிசை விழுந்தது. அன்று மாலைதான் தக்காணக் குதிரைப்படை ஹை வுட் காட்டோரம் பாய்ந்தது. வீரம் இரண்டு நாளும் ஒன்றுதான். கஜத்துக்கு எத்தனை கிலோ என்பது மட்டும் வேறு.

இனி உங்கள் பயணம். வயலில் கிடைப்பது உண்மைதான், ஒவ்வொரு உழவிலும் கிடைக்கிறது. விவசாயிகள் வரப்போரமோ மின்கம்பத்தடியிலோ வைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள். பெல்ஜியத்தில் ராணுவ வெடி அகற்றும் பிரிவு பூல்கபெல் முகாமுக்கு எடுத்துப் போய், விஷவாயுக் குண்டா என்று எக்ஸ்ரே பார்த்துப் பிரிக்கிறது. பிரான்ஸில் வெர்தனுக்கு அருகே 1920-களில் வாயுக் குண்டுகளைக் குவித்து எரித்த ஓர் இடத்தில் மண்ணின் எடையில் 17 சதவீதம் வரை ஆர்செனிக் அளக்கப்பட்டிருக்கிறது. புல்லே சரியாக முளைப்பதில்லை.

நூறு வருஷம் ஆயிற்றே, நமத்துப்போன தீபாவளி வெடி மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சுட்ட குண்டு பறக்கையில் சுழலும். அந்தச் சுழற்சியில் ஃபியூஸின் பாதுகாப்புத் தாழ் விலகிவிடும். அதாவது வெடிக்கத் தயாராகி, ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டு நின்றுபோன குண்டுதான் வயலில் கிடப்பது. சிலவற்றில் வெடிமருந்தாக இருக்கும் பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, உரசினாலே வெடிக்கும் உப்பாகியிருக்கும். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்ரில் கட்டட வேலையில் இருந்த இரண்டு தொழிலாளர்கள் இப்படி ஒரு குண்டு வெடித்து இறந்தார்கள்.

ஆகவே எதையும் எடுக்காதீர்கள், காலால்கூடத் தட்டாதீர்கள். காட்டில் கயிறு கட்டிய பாதையை விட்டு இறங்க வேண்டாம். பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி வந்து, அந்த ஊர் மேயர் அலுவலகத்திலோ 112-லோ சொல்லுங்கள். காலி உறைதானே என்று கடையில் வாங்கினாலும், லண்டன் போவதாக இருந்தால் யூரோஸ்டாரில் ஏற்ற விடமாட்டார்கள்.

லீல் வழியாகப் போனால் நெவ் ஷாப்பெலில் இறங்குங்கள். 1915 மார்ச் 10 அன்று 35 நிமிட வீச்சுக்குப் பின் அந்த ஊரைப் பிடித்தவர்களில் பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள். உடல் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவிடச் சுவரில் ரெஜிமென்ட் வாரியாக இருக்கின்றன. யாரையாவது தேடுவதானால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு, சுவரின் பலகை எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். அங்கே நின்று தேடினால் அரை நாள் போய்விடும்.