வங்கக்கடலின் சூடான நீர் எங்கிருந்து வருகிறது? ஊத்தங்கரை விவசாயிக்கு ஒரு பதில்

கேள்வி: ஊத்தங்கரை அருகே தக்காளி பயிரிடுகிறேன். 2024 டிசம்பர் மழையில் வயல் முழுவதும் மூழ்கியது. புயலுக்கு வலுவூட்டும் சூடான கடல்நீர் பசிபிக்கிலிருந்து நீரோட்டமாக வங்கக்கடலுக்கு வருகிறது என்றும், அதைச் செயற்கைக்கோள் படத்தில் ஆடி மாதமே பார்த்துக் கார்த்திகைப் புயலைச் சொல்லிவிடலாம் என்றும் எங்கள் பகுதித் தரகர் ஒருவர் வாட்ஸ்அப் குழு வைத்து மாதச் சந்தா வாங்குகிறார். அவர் பேச்சை நம்பிப் புரட்டாசி நடவைத் தள்ளிப்போடலாமா?

பதில்: அவர் சொல்வதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், சந்தாவும் கட்ட வேண்டாம்.

வங்கக்கடலின் வெப்பம் பெரும்பாலும் வெளியிலிருந்து ஓடிவந்த நீரின் வெப்பமல்ல; அங்கேயே கிடக்கும் நீர் வெயிலில் காய்ந்து பெற்ற வெப்பம். மார்ச் முதல் மே வரை வானம் தெளிந்தும் காற்று அடங்கியும் இருப்பதால் மேற்பரப்பு 30 டிகிரி செல்சியஸ் அளவை எட்டுகிறது. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் மேகம் வெயிலை மறைக்க, காற்று நீரைக் கலக்க, கடல் சற்றுத் தணிகிறது. அந்தக் காற்று ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை ஊன்றுவதற்கு முந்தைய இடைவெளியில் மீண்டும் ஒருமுறை காய்கிறது. புயல் உருவாக ஏறத்தாழ 26.5 டிகிரி வெப்பம், அதுவும் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை வேண்டும் என்பது துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. நம் கடலின் மேற்பரப்பு அக்டோபரில் 28 டிகிரிக்குக் குறைவது அரிது. ஆகவே வரைபடத்தில் வங்கக்கடல் சிவப்பாகத் தெரிவது ஆண்டுதோறும் நடப்பதுதான். அதைக் காட்டிக் காசு கேட்பவர், நாளை சூரியன் உதிக்கும் என்று சொல்லிக் காசு கேட்பதற்கும் துணிவார்.

அந்த வெப்பம் கலைந்துவிடாமல் மேலேயே நிற்பதற்குக் காரணம் ஆறுகள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகியவை கொட்டும் நன்னீரும் பருவமழை நீரும் உப்பு நீரைவிட எடை குறைந்தவை என்பதால் கடலின்மேல் ஒரு மெல்லிய அடுக்காகப் படிந்துவிடுகின்றன. கோடையில் நம் ஊர்க் கிணற்றில் குதித்தால் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் காலடி நீர் சில்லென்றும் இருப்பதைப் போன்ற நிலைதான் இதுவும். ஆனால் உப்பு வேறுபாடும் சேர்வதால், கடலில் இந்த இரண்டு அடுக்குகளையும் கலப்பது காற்றுக்கு எளிதாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடி, இந்த நன்னீரைத் தமிழகக் கரை வரை கொண்டுவருகிறது.

பசிபிக் கதையில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே பசிபிக்கின் வெப்ப நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைவது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவை நோக்கிப் போகிறது. வங்கக்கடலைத் தேடி வருவதில்லை.

உங்கள் தரகர் இந்தக் கதையை எங்கே எடுத்தார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. மெக்சிகோ வளைகுடாவைப் பற்றிய அமெரிக்கக் காணொளிகளில் இப்படித்தான் விளக்குவார்கள், அந்த வளைகுடாவுக்கு அது பொருந்தவும் செய்யும். கரீபியக் கடலின் வெப்ப நீர் யுகாட்டான் நீரிணை வழியாக வளைகுடாவுக்குள் புகுந்து, வளைந்து திரும்பி, புளோரிடா வழியாக வெளியேறுகிறது. வளைகுடாவின் சாதாரண நீரில் வெப்ப அடுக்கு மெல்லியது. மேலே புயல் சுழலும்போது கீழேயுள்ள குளிர்ந்த நீர் கிளறப்பட்டு மேலே வந்து அதன் வேகத்தைத் தணிக்கும். இந்த நீரோட்டத்திலோ வெப்பம் 100 மீட்டருக்கும் கீழே இறங்கியிருப்பதால், எவ்வளவு கிளறினாலும் வெப்ப நீரே மேலே வரும். 2005இல் கத்ரீனா என்ற பெரும்புயல் இந்த நீரின்மேல் வந்தபோதுதான் மிக வேகமாக வலுத்தது. அதாவது வெளியிலிருந்து வந்த நீர் புயலை வளர்ப்பது உண்டு. ஆனால் அந்த விளக்கத்தை அப்படியே பெயர்த்தெடுத்து வங்கக்கடலில் ஒட்டவைப்பது மோசடி. அமெரிக்காவிலும்கூட அந்த நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊரில் எந்த நாளில் புயல் என்று நான்கு மாதம் முன்னதாக எவரும் சொல்வதில்லை.

வெப்பம் மட்டுமே போதும் என்றால் ஜூலை, ஆகஸ்டிலும் வங்கக்கடலில் பெரும்புயல்கள் வர வேண்டும். கடல் அப்போதும் போதிய சூட்டோடுதான் இருக்கிறது. ஆனால் கீழ்க்காற்று மேற்கிலிருந்தும் மேல்காற்று கிழக்கிலிருந்தும் எதிரெதிராக வீசிச் சுழலைச் சாய்த்துவிடுவதால் பெரும்பாலானவை தாழ்வு மண்டலத்தோடு நின்றுவிடுகின்றன.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். அதை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்த ஃபெஞ்சல், வலிமையான புயல் அல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் நகராமல் நின்று, வலுவிழந்தபடி மெதுவாக மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அது. அந்த நேரத்தில் அதற்குப் புயல் என்ற பெயர்கூட இல்லை. வெப்பக் கடலிலிருந்து எழுந்த ஈரக்காற்றை அது தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்ததும், மெதுவாக நகர்ந்ததும்தான் உங்கள் தக்காளியை மூழ்கடித்தன. கடல் எவ்வளவு சூடு என்பதை ஆடியில் தெரிந்துகொண்டிருந்தாலும் இந்த மந்த நடையை யாரும் அறிந்திருக்க முடியாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலுக்கு நான்கு கட்டங்களாக எச்சரிக்கை விடுகிறது: 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணிக்கு முன் விழிப்பூட்டல், 24 மணிக்கு முன் எச்சரிக்கை, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்னதாக, கடந்த பின் உள்நாட்டில் என்ன நடக்கும் என்ற அறிக்கை. கடற்கரையில் இல்லாத உங்களுக்கு நான்காவதே முதன்மையானது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று தொலைக்காட்சியை அணைத்துவிடுகிற நேரத்துக்கு முன்பே அது வெளிவந்திருக்கும். கடலின் வெப்ப அளவை ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இலவசமாகவே வெளியிடுகிறது. ஆனால் அதை ஒரு விவசாயி தானே படித்துப் புரிந்துகொள்வது எளிதல்ல. வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளையும் 2024இல் நாடு முழுவதும் மூடிவிட்டார்கள். விவசாயிக்கு விளங்கும் மொழியில் சொல்ல இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரகர்கள் பெருகுகிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் என்ன பொருள்?

நடவை வழக்கமான பட்டத்திலேயே செய்யுங்கள். மேட்டுப்பாத்தியாக அமைத்து, தாழ்வான பக்கத்தில் வடிகால் வெட்டி வையுங்கள். புயல் வருகிறது என்று சொல்லிச் செடியில் நிற்கும் காய்க்கு அடிமாட்டு விலை பேச அதே தரகர் வந்தால், வானிலைத் துறையின் எந்தத் தேதி அறிக்கையில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரை முன்பணம் வாங்காதீர்கள்.