கால் பன்னியும் காலிப் பையும்

கேள்வி: டர்பன் நகர நடுவில் விடுதி அறை, சமைக்க ஒரே ஒரு ரைஸ் குக்கர். காலையில் பட்டினி, மதியம் தினமும் கால் பன்னி (ரொட்டியில் கால் பங்கைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ), மாதக் கடைசியில் கையில் காசில்லை. என்ன செய்ய? – கல்லூரி மாணவன்

பதில்: பன்னி சௌவை விடச் சொல்ல எனக்கே மனசு வராது தம்பி, ஆனால் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கென்றால் 175 கிராம், அவ்வளவு வெள்ளை ரொட்டியைத் தின்றுவிட்டு இரண்டு மணி வகுப்பில் தூக்கம் வராமல் என்ன செய்யும்? வாரம் ஒரு நாள் போதும், அதுவும் பீன்ஸ் பன்னி. மற்ற நாளுக்கு வார்விக்கில் காலைச் சந்தைக்கு நடந்துபோய்த் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி வாங்குங்கள். மைசூர்ப் பருப்பை ஊறவைக்க வேண்டாம், அரிசியோடு சேர்த்தே குக்கரில் போட்டுவிடலாம். சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பீன்ஸ் விதை மட்டும் அப்படியில்லை: இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள், அரைவேக்காடாகத் தின்றால் வாந்திதான். டின் மீன் வாங்கினால் முள்ளையும் சேர்த்துச் சாப்பிடுங்கள், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. காலைக்கு? மாஸ் என்ற புளித்த பாலும் ஒரு வாழைப்பழமும், அடுப்பே வேண்டாம்.